ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்கள்

எங்கள் பக்கத்தில் ஆற்றங்கரைச் சடங்கு என்றால் தண்ணீரை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் பாலாறு மணலாகத்தான் ஓடுகிறது. அதில் கிரிக்கெட் ஆடலாம், பைக் ஓட்டப் பழகலாம், மாட்டைக் கட்டலாம். முன்பு கையால் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். இப்போது தோண்டினால் தோல் பதனிடும் ஷெட்டின் வாசனைதான் வருகிறது. ஆகவே கருமாதி என்றால் புரோகிதருக்குச் சொல்லும் முன்பே குட்டியானைக்குச் சொல்லிவிடுவோம். தொட்டி கட்டிய சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். அது மணலில் இறங்கி ஆற்றின் நடுவே நிற்கும். டிரைவர் பச்சைக் குழாயை நீட்டுவார். அந்தத் தண்ணீரில் குளித்து, அந்தத் தண்ணீரிலேயே பிண்டத்தைக் கரைத்துவிட்டு, ஆற்றில் கரைத்ததாகச் சொல்லிக்கொள்வோம்.

அப்பாவின் கருமாதியையும் அப்படித்தான் ஏற்பாடு செய்தோம். உறவினர்கள் கரைமேல் புளியமரத்தடியில் இருந்துகொண்டார்கள். மணலில் இறங்கியவர்கள் நான்கே பேர்: மொட்டையடித்து ஈர வேட்டியோடு என் அண்ணன், புரோகிதர், வண்டி டிரைவர், நான். இறங்கும்போது அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குது. வெயில்ல ரொம்ப நேரம் குந்த வெக்காத. கோவப்பட வெக்காத. பத்திரமா கரையேத்திக் கூட்டினு வந்துடு. உன்னை நம்பித்தான் அனுப்புறேன்."

நான் தலையாட்டினேன். நம்பத்தகுந்தவன் போல முகத்தை வைத்துக்கொள்வது ஆசிரியர் தொழிலில் எல்லோருக்கும் தானாக வந்துவிடும். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என்று வளிமண்டலத்தைக் கரும்பலகையில் வருஷா வருஷம் டிபன் கேரியர் மாதிரி அடுக்கி வைக்கிறவன். மழை, இடி, புயல் என்று நம் தலையில் விழுகிற எல்லாமே அடித்தட்டில்தான் சமைக்கப்படுகின்றன, மேல்தட்டுகள் நமக்கு எட்டாதவை என்பேன். பிறகு வானிலைக்கும் காலநிலைக்கும் வித்தியாசம். அதற்கு நானே கண்டுபிடித்த உதாரணம் ஒன்று உண்டு; அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"பாலாறு காஞ்சு கெடக்குது பாரு, அது பல வருஷத்துக் கணக்கு. காலநிலை மாதிரி. என்னிக்காவது ஒருநாள் தண்ணி வந்தா, அது வானிலை மாதிரி."

பின்பெஞ்சிலிருந்து கேள்வி வரும். "அந்த ஒருநாள் எப்போ சார்?"

வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அப்பாவின் கருமாதி நாள் வரை வந்ததில்லை.

ஐப்பசி மாதம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று கரையைக் கடந்து மேற்கே போயிருந்தது. எங்கள் ஊரில் அது பெயருக்குத் தூறிவிட்டுப் போயிற்று. அன்று காலை வானம் துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு போல இருந்தது. நாங்கள் மணலில் இறங்கும்போது, கரைமேல் சாலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எச்சரிக்கை சொல்லிக்கொண்டே போனது. மேலே தடுப்பணைகள் நிரம்பி வழிகின்றன, ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம்.

"வருஷா வருஷம் இதையேதான் சொல்லினு போறான்" என்றார் டிரைவர். "பாலாத்துல வெள்ளமாம்!"

அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, நீ சொல்லு. மழை வருமா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் பஞ்சு பிய்த்தது போல இரண்டு கீற்று, வேறொன்றும் இல்லை. "சொட்டுகூட வராது" என்றேன்.

அது முழுக்க உண்மை. எங்கள் தலைக்கு மேல் சொட்டுகூட வரவில்லை. ஆனால் ஆறு என்பது அடுத்த மாநிலத்தில் நேற்றுப் பெய்த மழையை இன்றைக்கு நம் வாசலில் இறக்கிவைக்கிற வஸ்து. இதையும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். வேறு அத்தியாயம்.

காரியம் நடந்தது. புரோகிதர் மந்திரத்தை வேகமாகச் சொன்னார். அவருக்கு அடுத்த ஊரில் ஒரு கிரகப்பிரவேசம் இருந்தது. அண்ணன் நிதானமாகச் செய்தார். ஷெட்டில், தோலை ஊறவைக்கும் டிரம் சுற்றும் இடத்தில் ஆயுசு முழுக்க நின்றவர் அவர். எதையும் பாதியில் நிறுத்த அவருக்குத் தெரியாது. வாழையிலையில் மூன்று பிண்டங்களை வைத்து எள்ளைத் தூவியபோது என் போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, வாணியம்பாடியைத் தாண்டிடிச்சாம் தண்ணி! இங்க எல்லாரும் சொல்றாங்க. ஏறி வாங்க!"

கரையைப் பார்த்தேன். சற்றுமுன் எங்கள் உறவினர்கள் மட்டும் இருந்த இடத்தில் ஊரே நின்றது. பெண்கள் கையில் மஞ்சளும் பூவும் கற்பூரத்தட்டும். வராத விருந்தாளி வருகிறார் என்று வரவேற்க வந்திருந்தார்கள். நிறையப் பேர் எங்களை நோக்கிக் கையை ஆட்டினார்கள். டிரைவர் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார்.

"அண்ணே, தண்ணி வருதாம். எழுந்திரு."

அண்ணன் எழவில்லை. பச்சைக் குழாயையும் அதன் கீழே இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டையும் பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார்.

"நெஜமாலுமே வருதா?"

"வருது. வா."

"அப்போ இரு. வரட்டும்."

"இன்னா இருக்கறது? உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஏன்டா, ஆத்துல தண்ணி வரும்போது அப்பாவைப் பக்கெட்ல கரைக்கச் சொல்றியா? நான் கரைக்க மாட்டேன்."

"ஆத்துத் தண்ணியை நம்பாதே அண்ணே. கரையில இருந்து கரைச்சிக்கலாம்."

"கரையில நின்னு வீசறதுக்கு அது என்ன குப்பையா? ஓடற தண்ணில எறங்கிக் கரைக்கணும். இல்லியா சாமி?"

புரோகிதர் பஞ்சாங்கத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். "சாஸ்திரப்படி ஓடற ஜலம்தான் விசேஷம். ஆனா உசுரோட இருந்தாத்தான் சாஸ்திரம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கரையை நோக்கி நடந்தார். அன்று அங்கே பேசப்பட்டவற்றில் அறிவான வாக்கியம் அது ஒன்றுதான்.

கோபப்பட வைக்காதே என்பது அண்ணியின் கட்டளை. ஆகவே கெஞ்சினேன். அண்ணன் இலையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பின்சக்கரம் மணலில் சுற்றிக் குழி பறித்து உட்கார்ந்துவிட்டது.

முதலில் வாசனை வந்தது. அழுக்குத் துணி வெளுத்த தண்ணீர், அழுகின இலை, ஷெட்டுக் கழிவு எல்லாம் கலந்த ஒரு வாடை. அப்புறம் தண்ணீர். சினிமாவில் வருகிற மாதிரி சுவராக வரவில்லை. கறுப்பு நாக்கு ஒன்று மணலை நக்கிக்கொண்டு, நுரையையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் தள்ளிக்கொண்டு, நடந்து வருகிற வேகத்தில் வந்தது. பார்த்தால் பயமே இல்லை. எனக்குக்கூட, இவ்வளவுதானா என்று இருந்தது.

"பாத்தியா? இதுக்கா இப்டி அலறுற" என்றார் அண்ணன்.

அப்போதுதான் கரையிலிருந்து அண்ணியின் குரல் கிழிந்துகொண்டு வந்தது. அவர் கை ஆற்றின் மேற்குப் பக்கம் காட்டவில்லை. கரையோரமாகக் கீழே காட்டியது.

திரும்பினேன். மணல் அள்ளுகிறவர்கள் வருஷக்கணக்காகக் கரையோரமாகத் தோண்டி ஆழப்படுத்திய தடம் அது. நாங்கள் வண்டியோடு வந்ததும் அந்தத் தடத்தின் வழியாகத்தான். ஆற்றிலேயே தாழ்ந்த இடம் அதுதான். எங்களுக்கு முன்னால் நக்கிக்கொண்டு வந்த தண்ணீர் வெறும் விளிம்பு. நிஜத் தண்ணீர் எங்களுக்கும் கரைக்கும் நடுவில், பழுப்பு நிறத்தில், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற மேடு தீவாகிவிட்டிருந்தது. புரோகிதர் ஏற்கனவே கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "தம்பி" என்றார். சின்ன வயதுக்கு அப்புறம் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாத்தியாரே என்றுதான் கிண்டல் செய்வார்.

டிரைவர்தான் முதலில் அசைந்தார். பச்சைக் குழாயின் ஒரு முனையை வண்டியின் கொக்கியில் இறுக்கிக் கட்டினார். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தடத்தில் இறங்கினார். மார்புவரை போனது. ஒருமுறை கால் தவறிச் சாய்ந்தார், கூட்டம் ஓவென்றது. எட்டிக் கரையேறி, குழாயைச் சீமைக்கருவேல மரத்தில் சுற்றினார்.

"பைப்பை வுடாதீங்க! சீக்கிரம்! தண்ணி ஜாஸ்தியாவுது!"

அண்ணனை முன்னால் விட்டு நான் பின்னால் இறங்கினேன். ஒரு கையில் குழாய், மறுகையில் அவருடைய வேட்டி முடிச்சு. தண்ணீர் குளிர்ந்திருந்தது. காலடியில் மணல் நழுவிக்கொண்டே இருந்தது. நின்றால் பள்ளம் ஆகிறது, நடந்தால் தள்ளுகிறது. ஒரு முள்கிளை வந்து என் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. அண்ணன் வாயால் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சை எண்ணிக்கொண்டே நடந்தேன். வாழையிலையை அவர் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

நடுத்தடத்தில் நின்றார்.

"நட அண்ணே!"

"ஒரு நிமிசம்."

குழாயைப் பிடித்திருந்த கையை எடுத்தார். எனக்கு உலகம் நின்றது. கரையில் அண்ணியின் கத்தல் பாதியில் அறுந்தது. இரண்டு கைகளாலும் இலையை ஏந்தி, கண்ணை மூடி, தண்ணீருக்குள் தாழ்த்தினார். வெள்ளம் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அந்த நொடியில் அவருடைய முழு எடையும் என் கையிலிருந்த வேட்டி முடிச்சில் தொங்கியது. பழைய வேட்டி. அது கிழியக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். எந்தக் கடவுளிடம் என்று நினைவில்லை. நெசவு செய்தவரிடமாகத்தான் இருக்கும்.

"பிடிடா குழாயை!" என்று கத்தினேன். அண்ணனை டா போட்டது வாழ்க்கையில் அன்றுதான். அவர் பிடித்தார்.

கரையில் நாலைந்து கைகள் அவரைத் தூக்கின. அண்ணி அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். துடிக்கிறது என்று உறுதியானதும் அந்தக் கையாலேயே தோளில் ஓங்கி அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மழை சொட்டுகூட வராதுன்னு சொன்னியாமே, சாமி சொன்னாரு."

"வரலையே அண்ணி."

அவர் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. எங்களுக்குப் பின்னால் குட்டியானை மெல்லச் சாய்ந்து, நிறைந்த தொட்டியோடு, நிறைந்த ஆற்றுக்குள் போனது. பெண்கள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு வடிந்தது, மணல் தெரிந்தது, பையன்கள் ஸ்டம்ப் நட்டார்கள். வண்டி ஆற்காடு போகும் வழியில் எங்கோ மணலில் புதைந்து கிடைத்ததாம்.

இந்த வருஷம் அப்பாவின் திதிக்கு முன்தினம் அண்ணன் போன் செய்தார். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வானம் அதே எவர்சில்வர் தட்டு.

"குட்டியானைக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணே."

"கரை மேலயே நிக்கச் சொல்லு. கீழ எறங்க வேணாம். பைப்பை மட்டும் நீளமா எடுத்தாரச் சொல்லு."

அப்புறம் அவர் கேட்டார்: "வேலூர்ல காட்டன் வேட்டி நல்லதா எங்க கெடைக்கும், வாத்தியாரே? கெட்டி நெசவா."