புனிதா வெட்டிய வரிகள்

கைப்பேசியில் புனிதாவின் பெயர் வந்தது. பத்தொன்பது நாள்களுக்குப் பிறகு. எடுத்ததும் கத்தினேன்: “என்னடி, இப்பத்தான் கண்ணு தெரியுதா?”

மறுபக்கம் அவளுடைய தம்பி. “அக்கா, நான் பேசறேன். புனிதாக்கா போயிட்டாங்க. காலைல.”

அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் எனக்கு நினைவில் இல்லை. நான் கத்தியது மட்டும் நினைவில் இருக்கிறது.

இதை ‘அகிலா’வைப் படித்தவர்களுக்காக எழுதுகிறேன். ஜப்பானிய அனிமே சாயலில் மூன்று ஆண்டுகளாக நாங்கள் இணையத்தில் வெளியிட்ட காதல் படக்கதை அது. எழுத்து நான். படம் புனிதா. உங்களில் பலருக்கு அவள் பக்கத்தின் மூலையில் இருந்த ஒரு கையொப்பம். இருபத்தொன்பது வயது. பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வீடு. சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பெரிய பெரிய கண்களாக வரைவாள். தன் கண்களைச் சுருக்கித்தான் யாரையும் பார்ப்பாள்.

அவளிடமிருந்து முதலில் வந்தது ஒரு பின்னூட்டம். பல்கலைக்கழகத்தில் படித்தபோது நான் இணையத்தில் எழுதிப் போட்ட காதல் கதைக்குக் கீழே: “உங்க ஹீரோயின் எல்லார்கிட்டயும் சிரிச்சிக்கிட்டே இருக்கா. வாய் வலிக்காதா?” சூடாகப் பதில் எழுதினேன். அவள் ஒரு படம் அனுப்பினாள். என் கதாநாயகிதான். ஆனால் புருவத்தை நெரித்தபடி, காதலன் நீட்டிய ரோஜாவைப் பசாரில் கத்திரிக்காய் பொறுக்குவதுபோலப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அகிலா என்று பெயர் வைத்தோம்.

சனிக்கிழமைகளில், அவள் வேலை முடிந்து வந்ததும், பாக்கார் ஆராங்கில் ஒரு மாமாக் உணவுக்கடையில் சந்திப்போம். நான் எழுதியதைத் தாளில் கொண்டுபோக வேண்டும். வரைவதற்கு முன் சிவப்புப் பேனாவால் வெட்டுவாள். அதுதான் எங்கள் வேலைமுறை.

ஐந்தாம் அத்தியாயத்தில், தாமதமாக வந்த காதலன் நவினை அகிலா தெருவில் நிறுத்தி ஏசினாள். ‘திமிர் பிடித்தவள்’ என்று நீங்கள் எழுதினீர்கள். பயந்துபோனேன். அடுத்த அத்தியாயத்தில் அவளுக்கு ஒரு சோகம் கொடுத்தேன். சின்ன வயதில் அப்பா குடும்பத்தை விட்டு ஓடிவிட்டார், அதனால்தான் இப்படி. இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

புனிதா ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே படித்தாள்.

“ஏசறதுக்கு அப்பன் ஓடிப்போகணுமா?”

“ஒரு காரணம் வேணாமா?”

“எங்கப்பா வீட்லதான் லா இருக்காரு. காலைல எனக்கு கோப்பி கலக்கிக் குடுக்குறாரு. நான் உன்ன ஏசல?”

இரண்டு பக்கமும் போயின. பதிலாக ஒரே கட்டம் வரைந்தாள். அகிலா கத்திக்கொண்டிருக்கிறாள். மழை தூறத் தொடங்குகிறது. அவளுடைய கை மட்டும், நவினின் மோட்டார் சைக்கிள் இருக்கையில் மல்லாந்து கிடந்த ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்கிறது. நவின் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள். அந்த வாரத்திலிருந்துதான் அகிலா உங்களுக்குப் பிடித்தவள் ஆனாள்.

இன்னொரு முறை, தண்ணீரைக் கொட்டிவிட்ட கடைப் பணியாளரை அகிலா கிண்டல் செய்வதாக எழுதினேன். நகைச்சுவை என்று நினைத்தேன். புனிதா தாளை என் பக்கம் தள்ளினாள்.

“திருப்பி ஏச முடியறவங்கள மட்டும்தான் அவ ஏசுவா. இது வாய் இல்லடி, கெட்ட புத்தி. அப்புறம் அந்த நவினுக்கும் கொஞ்சம் வாய் குடு. இல்லன்னா இது காதல் கதை இல்ல, டிசிப்ளின் டீச்சர் கதை.”

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தாலும், தேர்வில் தோற்றாலும், அகிலா “வராத” என்பாள். நவின் வருவான். ஒவ்வொரு முறையும். உங்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் புனிதா அதை வரைந்தாள். “வராதன்னா வரக்கூடாதுன்னு இவனுக்கு யாருமே சொல்லித் தரலயா?” என்று ஒருநாள் கேட்டாள். நான் சிரித்தேன்.

பிறகு அவளுக்கு இரத்தத்தில் நோய் என்றார்கள். அலோர் ஸ்டார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: “வராத. உன் மூஞ்சப் பாக்க எனக்கு மூட் இல்ல.”

அந்த வரியை எனக்குத் தெரியும். இருபது முறை எழுதியிருக்கிறேன். கஞ்சி வாங்கி, காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் இருக்கும் ஜித்ராவிலிருந்து அதிக நேரம் இல்லை. வழியெல்லாம், அவள் என்ன சொல்லி ஏசுவாள் என்று யோசித்துக்கொண்டே போனேன். மகிழ்ச்சியாக இருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

அவள் அறையின் திரைச்சீலை சரியாக மூடப்படவில்லை. அவளுடைய அம்மா ஈரத் துணியால் அவள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையில் முடி இல்லை. தோள் எலும்புகள் தெரிந்தன. திரும்பியவள் என்னைப் பார்த்தாள். கைகளால் மார்பை மறைத்துக்கொண்டாள்.

“வராதன்னு சொன்னேன் இல்ல?”

“நீ அப்படித்தான் சொல்லுவ.” இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“நான் அகிலா இல்ல லா.” மெல்லத்தான் சொன்னாள். “நான் சொன்னா சொன்னதுதான்.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். வெளியே வந்து மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். படித்தாள். பதில் இல்லை. மறுநாளும் அனுப்பினேன். அதையும் படித்தாள். பிறகு நான் அனுப்பவில்லை. பத்தொன்பதாம் நாள் அவள் தம்பி அழைத்தான்.

காரியங்கள் முடிந்த அன்று அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ உன்ன எப்பவோ மன்னிச்சிட்டாம்மா. மனசுல ஒண்ணும் வச்சிக்கமாட்டா.” தலையாட்டினேன். நல்ல மனம். அன்பில் சொன்ன சொல். ஆனால் புனிதா அப்படிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். அதிலும் அகிலா “வராத” என்கிறாள். அதிலும் நவின் வருகிறான். அந்த இடத்தை அடித்து, மாற்றி எழுதினேன். இப்போது வாசற்கதவுக்கு வெளியே நின்று, “வரலாமா?” என்று கேட்கிறான். “வேணாம்” என்கிறாள். சரி என்று வெளியிலேயே உட்கார்ந்துகொள்கிறான். மூன்று கட்டம். அதை வரைய ஆள் இல்லை. வேறு யாரையும் கேட்கப்போவதில்லை. வெறும் எழுத்தாகவே வெளியிடுவேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதன் கீழே, ‘உங்கள் மீது அவருக்கு உள்ளுக்குள் கோபம் இருந்திருக்காது’ என்று எழுதாதீர்கள். இருந்தது. அவளுடைய உடம்பு, அவளுடைய அறை, அவளுடைய சொல். மூன்றையும் நான் மதிக்கவில்லை. எனக்கு வசதியாக அவளை இனிமையாக்கிக்கொண்டால், அவள் இன்னொரு முறை இல்லாமல் போவாள்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கோபம்தான். நியாயமான கோபம். ஒரு சொல்லும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.