வாய் நிறையத் தண்ணீர்

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவருக்கு அணைக்கட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. யாராவது ஏடாகூடமாக ஏதாவது கேட்டால் மனிதர் உடனே பதில் சொல்ல மாட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறப்பார், ஒரு வாய் ஊற்றிக்கொள்வார், இரண்டு கன்னமும் உப்ப அப்படியே நிற்பார். யோசித்து முடித்த பிறகுதான் விழுங்குவார். விழுங்கிய பிறகுதான் பேச்சு. அணை இன்றைக்குத் திறக்குமா, நாளைக்குத்தானா என்று துணி மடிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அதற்குக்கூட ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சிரிப்பார்.

பிறவியிலேயே இப்படிப்பட்ட உத்தமர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் முதலாளி ஒரு வார்த்தை பேசினால் இவர் ஒன்பது பேசுவார். முதல் வேலை போனது மேனேஜரின் தொப்பையைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொன்னதற்காக. அடுத்த வேலை போனது அந்தத் தொப்பைக் கதையைப் புது இடத்தில், அங்கிருந்த தொப்பைக்காரர் காதில் விழும்படி பெருமையடித்ததற்காக. மூன்றாவது வேலையும் போய் வீட்டுக்கு வந்த அன்று மனைவி அழவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நங்கென்று அவர் முன்னால் வைத்தாள்.

"இனிமே எவன் என்ன கேட்டாலும் இதை வாயில வச்சுக்கிட்டு நில்லுங்க. அப்பவாவது உளறாம இருக்கீங்களான்னு பாப்போம்."

அவள் சொன்னது ஆத்திரத்தில். இவர் அதை மருந்தாக எடுத்துக்கொண்டார். மருந்தும் வேலை செய்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒருமுறை மேலிடத்திலிருந்து டை கட்டிய ஒருவர் பயிற்சி கொடுக்க வந்தார். சிக்கலான பேச்சு வரும்போது நிதானித்துப் பதில் சொல்வது எப்படி என்று அரை நாள் முழங்கிவிட்டு, கடைசியில் அணைக்கட்டை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். வீட்டில் போய் இதைச் சொன்னபோது மனைவிக்கே கொஞ்சம் பெருமைதான்.

அவருக்கு எதிர் மெஷினில் இஸ்திரி போட்டவரைக் கூடத்தில் எல்லாரும் அக்கா என்பார்கள். அணைக்கட்டுக்கு முதுகு பிடித்துக்கொண்ட சமயத்தில், கனத்த திரைச்சீலைகளையெல்லாம் ஒரு பேச்சும் பேசாமல் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டவர் அக்கா. வீட்டில் அவர் கணவர் படுத்த படுக்கை. அக்காவின் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் எல்லாமே நின்றுவிடும். இது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இஸ்திரி மெஷினின் சூட்டை யார் மாற்றினாலும் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அடுத்து வருபவர் அதைப் பார்த்துச் சூட்டைச் சரி செய்துகொள்வார். அன்று காலை மேசை விரிப்புகள் தாமதமாகிக்கொண்டிருந்தன. அக்கா உள்ளே துணி எடுக்கப் போயிருந்தபோது சூப்பர்வைசர் வந்து, விரிப்புகள் சீக்கிரம் முடியட்டும் என்று அக்காவின் மெஷின் சூட்டைக் கடைசிவரை கூட்டினார். கூட்டிய கையோடு போனில் பேசிக்கொண்டே போய்விட்டார். சிவப்புத் துணி கட்டவில்லை. அணைக்கட்டு இதைப் பார்த்தார். திரும்பி வந்து கட்டுவார் என்று நினைத்துத் தன் வேலையைக் கவனித்தார். வந்தது சூப்பர்வைசர் இல்லை, அக்கா. அவர் கையில் இருந்ததோ யாரோ ஒரு விருந்தாளியின் பட்டு அங்கி. கைப்பிடியில் துணி இல்லாததால் நம்பி வைத்து அழுத்தினார். அங்கி கருகி மெஷினோடு ஒட்டிக்கொண்டது.

மதியம் விசாரணை. மேனேஜர் புதிதாக வந்தவர், அணைக்கட்டின் வாய்த்தண்ணீர் மகிமை எதுவும் அவருக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசர். சூடு ஏற்கெனவே கூடியிருந்தது என்று அக்கா சொல்லியிருந்தார். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று சூப்பர்வைசர் சாதித்திருந்தார். அதனால்தான் அணைக்கட்டுக்கு அழைப்பு.

"நீங்க எதிர்லதானே நின்னீங்க? அந்தம்மாதான் சூட்டைக் கூட்டினாங்களா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அது நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இல்லை என்றால் பிறகு யார் என்று கேட்பார்கள், அந்த 'யார்' பக்கத்திலேயே உட்கார்ந்து இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை பாட்டிலைத் திறந்தது. ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். அவசரத்தில் கவனிக்காம விட்டுட்டார் போல என்று தொடங்கலாமா, நான் சரியாகப் பார்த்தேனோ என்னவோ என்று இழுக்கலாமா, யாருக்கும் வலிக்காமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். மேனேஜர் அவருடைய உப்பிய கன்னங்களைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார்.

"விட்டுடுங்க சார். கூடவே நின்னு வேலை செய்றவங்க. காட்டிக் கொடுக்க மனசு வருமா?"

மேனேஜர் தலையாட்டிக்கொண்டு பேனாவை மூடினார். அணைக்கட்டு அவசரமாக விழுங்கியதில் புரையேறிவிட்டது. இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா இல்லை, கூட்டியது சூப்பர்வைசர்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அழகுபடுத்த நினைத்த பேச்சு கடைசியில் மொட்டையாகத்தான் வந்தது.

"உண்மையா இருந்தா கேட்டதும் வந்திருக்கும். யோசிச்சு யோசிச்சு அவங்களைக் காப்பாத்தப் பாக்குறீங்க. உங்க நல்ல மனசு புரியுது, போங்க" என்றார் மேனேஜர்.

நல்ல மனசாம். பழைய வாய்த்துடுக்குக்காரராக இருந்திருந்தால் கேள்வி முடிவதற்கு முன்பே சூப்பர்வைசரின் வண்டவாளம் மேசைமேல் ஏறியிருக்கும். ஒருவேளை இவருக்கு வேலை போயிருக்கும், ஆனால் அக்கா பிழைத்திருப்பார். அந்த டை கட்டியவர் கைதட்ட வைத்த நிதானத்தில் பாதிக்குமேல் வெறும் பயம். அது அணைக்கட்டுக்கு அன்றுதான் தெரிந்தது என்று சொன்னால் அதுவும் பொய். அவருக்கு எப்போதோ தெரியும்.

அக்கா உடை மாற்றும் அறையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு சீப்பு, மாற்றுச் செருப்பு, கணவரின் மாத்திரைச் சீட்டு. இவர் உள்ளே வந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கோபமெல்லாம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீ என்ன தம்பி சொன்ன?"

நீங்கள் இல்லை என்றுதான் சொன்னேன் என்று சொல்லலாம். அது உண்மை. எப்போது சொன்னாய் என்று கேட்டால்? காலையில் பார்த்தவன் அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? இதை எங்கே தொடங்குவது என்று அவர் யோசித்தார். யோசிக்கும்போதே, யாரும் சொல்லாமல், அவர் கை மூடியைத் திருகியது.

இத்தனை வருடமாகப் பார்த்துச் சிரித்த அந்தக் கன்னங்களை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பையைத் தோளில் மாட்டினார்.

"நீ மெதுவா முழுங்கு தம்பி. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் விழுங்கி முடித்தபோது அந்த அறையில் கேட்பதற்கு யாரும் இல்லை.