சீர்க்கூடையோடு போன விசாரணை

எனக்குக் கூடப் பிறந்த பெண் யாரும் இல்லை. எங்கள் மலையில் ஓர் ஆண்பிள்ளைக்கு அது பெரிய சௌகரியம். அக்கா தங்கை உள்ளவன் அவர்கள் பிள்ளைகளுக்குக் காதுகுத்து, சீர், கல்யாணப் புடவை என்று வருஷம் முழுதும் ஓடிக்கொண்டே இருப்பான். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. நான் உண்டு, என் மிளகுக்கொடி உண்டு. நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊர்க்கூட்டத்தில்கூட மரத்தின் பின்னால் நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனை, முப்பது வயதுக்கு மேல், ஒரு யூதப் பெண்பிள்ளைக்குத் தாய்மாமன் ஆக்கிவிட்டார்கள்.

அப்போது பெரிய போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மலையை நாடு நாடாகப் பிரித்திருப்பார்கள்; அதில் அரியூர் நாட்டில், எங்கள் ஊரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஜெர்மனியில் பிறந்தவர், யூதர். யூதர் என்பதற்காகவே அங்கே அவர் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள். மகளையும் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திவிட்டார்கள். தப்பித்து இந்தியாவுக்கு வந்தால், ஜெர்மன்காரர் என்று சொல்லி அவர் புருஷனை இங்கிலீஷ் சர்க்கார் முகாமில் அடைத்துவிட்டது. டாக்டரம்மா மலையில் இருந்து வைத்தியம் பார்க்கலாம், போலீஸ் உத்தரவு இல்லாமல் கீழே இறங்கக் கூடாது என்று ஏற்பாடு. மலைக்காய்ச்சலில் கிடந்த பாதி ஊரை எழுப்பி உட்காரவைத்தவர் அவர்தான்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து எங்கள் பேச்சையே பேசுவாள். கீழே பாதிரிமார் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். தங்கியது ஒரு முஸ்லிம் மிளகு வியாபாரி வீட்டில். என் மிளகையும் நான் அவரிடம்தான் போடுவேன். அவருடைய மூத்த மகன் வக்கீல்.

ஒருநாள் அந்த வக்கீல் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே மலையேறி வந்தார். சுகமாக வளர்ந்த உடம்பு. வந்ததும் டாக்டரம்மா வாசலில் சாய்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க, இது மலைங்களா, ஏணிங்களா?”

பிறகு விஷயத்தைச் சொன்னார். பள்ளியில் ஹெட்மாஸ்டரே வேதபாடமும் நடத்துவார். இயேசுவைச் சிலுவையில் அறைந்த பாடம் வந்தபோது அந்தப் பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, “இவள் இனத்தார் செய்த காரியம் இது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வகுப்புக்குக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கதவோரம் ஒரு முக்காலி போட்டு அவளைத் தனியாக வைத்தார்கள். வக்கீல் போய்க் கேட்டதற்கு, மற்றப் பெற்றோர் சங்கடப்படுகிறார்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்வது நல்லது என்று பதில்.

டாக்டரம்மா அழவில்லை. “ஒரு பள்ளிக்கூடத்திலருந்து ஏற்கெனவே தொரத்தியாச்சு. இன்னொரு தடவை அவ தாங்க மாட்டாளுங்க” என்றார். எங்கள் பேச்சுதான், கொஞ்சம் கரடுமுரடாக வரும்.

“தொரத்த முடியாதுங்க” என்றார் வக்கீல். “சர்க்கார் மானியம் வாங்குற பள்ளிக்கூடம். சாதி, மதம்னு சொல்லி ஒரு பிள்ளைய ஒதுக்கக் கூடாது. மனுப் போட்டேன், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் விசாரிக்க வர்றாரு. ஆனா பிள்ளைக்குப் பெரியவங்கன்னு ஒருத்தர் வந்து நிக்கோணும். இல்லாட்டி மனுவே செல்லாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லுவாரு. உங்களுக்கோ கீழ வர உத்தரவு கேட்டேன், கிடைக்கல.”

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடியது. வக்கீல் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் கேட்டது ஒரே கேள்விதான்.

“புள்ளைக்குத் தாய்மாமன் எங்கீங்க?”

“எனக்கு ஒரு தம்பி இருந்தான்” என்றார் டாக்டரம்மா. “இப்ப எங்கே இருக்கான்னு தெரியலீங்க.”

பிறகு கவுண்டர், “மாமன் இல்லாம ஒரு புள்ளைய எப்படீங்க வளக்கறது? காது குத்தோணும்னா யாரு மடியில உக்கார வெப்பீங்க?” என்றார்.

“காதுகுத்து இல்லீங்க, விசாரணை” என்றார் வக்கீல்.

“எல்லாம் ஒண்ணுதானுங்க.”

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பி இல்லாமல் வந்து வாழ்கிற பெண்ணுக்கு ஊர்க்கூட்டமே ஒருவனைக் கூடப் பிறந்தவனாக வைத்துவிடும். ஆளுக்கு ஆள் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே மருமகள்கள் இருந்தார்கள். கூட்டத்தில் ஒருவன், “அதா, மரத்துக்குப் பின்னால சும்மா ஒரு மாமன் நிக்கறானே!” என்றான். ஊரே திரும்பிச் சிரித்தது.

“எனக்குப் பேச வராதுங்க” என்றேன்.

“மாமனுக்கு வாய் எதுக்கு சாமி? கை இருந்தாப் போதும். சீர் தூக்கோணுமில்ல” என்றார் கவுண்டர்.

விசாரணைக்குப் போகும்போது சீர் எடுக்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாமன் ஆனபின் மருமகளை முதல்முறை பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போவானா? தினை, தேன், மலைவாழைத்தார், பலாப்பழம், ஒரு புதுப் பாவாடை, எல்லாவற்றையும் கூடைகளில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே இறங்கினோம். முன்னால் மேளம். பள்ளிக்கூட வாசலில் கறுப்புக் கோட்டோடு நின்ற வக்கீல் எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட, என்னங்க இது! நான் சாட்சியக் கூட்டிட்டு வரச் சொன்னா நீங்க கல்யாணத்தையே கூட்டிட்டு வந்திருக்கீங்க!”

“மேளத்த வேணா நிறுத்திக்கறோமுங்க” என்றார் கவுண்டர் பெருந்தன்மையாக.

உள்ளே மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். தலைப்பாகை கட்டிய பெரியவர். ஒரு பக்கம் ஹெட்மாஸ்டர், இன்னொரு பக்கம் அந்தப் பிள்ளை. வக்கீல் முன்பே எங்களிடம் சொன்னதுபோலவே ஹெட்மாஸ்டர் ஆரம்பித்தார்.

“மனுக் கொடுக்க இந்தப் பிள்ளைக்கு இங்கே பெரியவர் என்று யாரும் இல்லை, ஐயா.”

இன்ஸ்பெக்டர் பிள்ளையிடம் என்னைக் காட்டி, “இவர் யாரம்மா?” என்றார்.

“எங்க மாமனுங்க.”

“எப்போதிலிருந்து?”

“போன அமாவாசையிலிருந்துங்க.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்மாஸ்டர், “அடுத்த அமாவாசைக்கு வேறு மாமன் வருவார்போல” என்றார்.

உடனே வக்கீலுக்கு உயிர் வந்துவிட்டது. “ஐயா, எனக்கும் என் சம்சாரத்துக்கும்கூட ஒரு தேதியிலிருந்துதான் உறவு. அதனால் அவள் என் சம்சாரம் இல்லை என்று ஆகிவிடுமா? இது ஊர் கூடி, ஊர் வழக்கப்படி ஏற்படுத்திய உறவு. வழக்கத்தைச் சட்டம் மதிக்கிறது. சந்தேகம் இருந்தால் வாசலில் பாருங்கள்.”

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். கூடைகள் வரிசையாக இருந்தன. பலாப்பழ வாசனை அறைக்குள்ளேயே வந்திருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“சீரே வந்துவிட்டதே! உட்காருங்கள், மாமா.”

எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் நுனியில் உட்கார்ந்தேன்.

பிறகு வழக்குக்கு வந்தார்கள். பிள்ளை நடந்ததைப் பயப்படாமல் சொன்னாள். ஹெட்மாஸ்டர் எதையும் மறைக்கவில்லை. “வேதத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். பாடம் மனத்தில் பதியட்டும் என்று நிற்கச் சொன்னேன்” என்றார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வக்கீல் எழுந்தார். “மரண தண்டனை கொடுத்தது ரோமாபுரிக் கவர்னர். ஆணி அடித்தது அவனுடைய சிப்பாய்கள். அது போகட்டும். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வழக்கில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பிரதிவாதியாக நிறுத்த எந்தக் கோர்ட்டில் இடம் உண்டு, ஐயா? வாங்கின கடனுக்கே மூன்று வருஷத்தில் காலாவதி!”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “மாமா ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்க்கூட்டத்தில் எந்த வழக்கு வந்தாலும் முதலில் இரண்டு பக்கமும் எந்த நாடு, எந்தக் குலம் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். இங்கே ஒரு பக்கத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதனால் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“செத்தவரு எந்தக் குலமுங்க?”

எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

“அவரும் யூதர்தான்” என்றார் கடைசியில். “அவருடைய தாயாரும். சீடர்களும்.”

வாசலில் நின்ற ஊர்க்கவுண்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “அப்படீன்னா இந்தப் புள்ளை அவருக்குச் சொந்தக்காரிங்களே! வீட்டுப் புள்ளைய முக்காலியில உக்கார வெச்சுட்டு, விருந்தாளிங்க எல்லாம் பெஞ்சுல உக்காந்திருக்கீங்களாக்கும்!”

“நீங்கள் வெளியே இருங்கள்” என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் அவர் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். ஹெட்மாஸ்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் சிரித்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. பிள்ளை பழைய இடத்தில் உட்கார வேண்டும். எந்தப் பிள்ளையையும் அதன் மதத்தைச் சொல்லி வகுப்பில் எழுப்பி நிறுத்தக் கூடாது. வேதபாடத்துக்கு இருப்பதும் இல்லாததும் வீட்டார் விருப்பம். மீறினால் மானியம் பற்றி மேலே எழுத வேண்டியிருக்கும். ஹெட்மாஸ்டர் எழுந்து, “முக்காலியை இப்போதே எடுத்துவிடுகிறேன்” என்றார். பியூனைக் கூப்பிடவில்லை. தானே போய் எடுத்து வந்தார்.

எங்கள் சீர்க்கூடையைத் திரும்ப மலைக்குத் தூக்க முடியுமா? பள்ளிக்கூடமே பலாச்சுளை தின்றது. வக்கீல் கோட்டில் பலாப்பால் ஒட்டிக்கொண்டது. “இதுதான் எனக்குப் பீஸா?” என்று கேட்டுக்கொண்டே அவர் இன்னும் இரண்டு சுளை எடுத்தார். மணி அடித்ததும் பிள்ளை புதுப் பாவாடையைப் புத்தகத்தோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு ஓடினாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவள் பெஞ்சில் இருந்த பெண்கள் உடனே நகரவில்லை. ஒருத்தி பார்த்தாள். இன்னொருத்தி பலாச்சுளை வாயோடு கொஞ்சம் தள்ளி இடம்விட்டாள். அவ்வளவு போதும் என்று திரும்பினேன்.

இறங்கியதைவிட ஏறுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கூட வந்தவர்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். டாக்டரம்மா, தமக்கு விதித்த எல்லை வரை வந்து, அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்க வேண்டும். என்னைக் கண்டதும் எழுந்தார்.

வக்கீல் பேசியது, இன்ஸ்பெக்டர் சொன்னது எல்லாவற்றையும் வழியெல்லாம் கோர்வையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் நினைவில்லை.

“உக்காந்துட்டாளுங்க” என்றேன்.

“பெஞ்சுலயா?”

“பெஞ்சுலதானுங்க. பக்கத்துல ஒரு புள்ளையும் இருக்குதுங்க.”