பூதக் காட்டில் நான் மூடிய கடை

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கூலிமில், மாதா கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பசியாறிவிட்டு, நாங்கள் நாலு பேர் அங்கே கூடி ஒரு விளையாட்டு விளையாடுவோம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். "இருட்டுக் குகை. உள்ளே ஏதோ உறுமுகிறது" என்பான். மற்ற மூன்று பேரும் ஒரே கூட்டமாகப் பயணம் போகிறவர்கள். ஒருவர் வாள்வீரன், ஒருவர் வைத்தியக்காரி, ஒருவர் திருடன். அவரவர் என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். வீசிய வாள் பட்டதா, படவில்லையா என்பதை ஓர் எண் முடிவு செய்யும்: பெரிய எண் வந்தால் பட்டது, சின்ன எண் வந்தால் தவறியது. ஒவ்வொருவருக்கும் உயிர் இவ்வளவு என்று அளவு உண்டு. அடிபட்டால் குறையும், வைத்தியம் பார்த்தால் ஏறும், தீர்ந்துபோனால் ஆள் காலி.

கதை சொல்கிறவன் நான்தான். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், என் பயத்தால் கிடைத்தது. பரீட்சை என்றாலே எனக்குப் பயம். விடை தெரிந்தாலும் கை ஓடாது. இடைநிலைப் பள்ளியில் இரண்டு வருடம் அப்படித் தள்ளிவிட்டு நின்றுவிட்டேன். டவுனில் இருந்த ஒரு ரொட்டிக் கடையில், மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாக ரொட்டி விற்கப் போனேன். அதிலும் பயம்தான். மழை வந்தால்? டயர் பஞ்சரானால்? முதல் தோட்டத்திலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்து, கடைசித் தோட்டத்துப் பிள்ளைகள் வெறும் பெட்டியைப் பார்த்தால்?

விளையாட்டின் விதிப் புத்தகம் என் கூட்டாளி ஒருவனுடையது. யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்க உத்தியோகக் குடும்பம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் படித்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகம் அது. அவனைப் புத்தகக்காரன் என்றே கூப்பிடுவோம். அவனுக்குக் கதை சொல்லப் பிடிக்காது, வாள் வீசத்தான் பிடிக்கும்.

"நீதான் எல்லாத்துக்கும் பயந்துகிட்டே இருக்கிற ஆளு. பேய் பிசாசு எல்லாத்தையும் நீயே பாத்துக்க, லா," என்று சொல்லி என் பக்கம் தள்ளிவிட்டான். பாதி அவன் படித்துச் சொன்னது, பாதி நான் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தது. மூன்று மாதத்துக்குள் அவனைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. எங்கே என்ன கெட்டுப்போகும் என்று யோசிப்பதுதான் அந்த வேலை. அது எனக்குப் பிறவியிலேயே வரும்.

புத்தகம் கேட்ட பல முகத் தாயக்கட்டைகள் கூலிமில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கோயில் அறையில் கட்டை உருட்டினால் சூதாட்டம் என்று பெரியவர்கள் விரட்டியிருப்பார்கள். அதனால் சோடா மூடிகளில் எண் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தோம். கையை விட்டு ஒரு மூடியை எடுக்க வேண்டியது, எண்ணைப் பார்க்க வேண்டியது, திரும்ப உள்ளே போட வேண்டியது.

வைத்தியக்காரி வேடம் ஓர் அக்காவுக்கு. பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு மின்சாதனப் பெக்டரியில் ஷிப்ட் வேலை. அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வரும் அவருடைய தம்பி, லாரியில் கிளீனர், எங்கள் திருடன்.

வாள்வீரனுக்கு ஒரு மந்திர வாள் கிடைத்ததிலிருந்து விளையாட்டு சாய ஆரம்பித்தது. சண்டை வந்தால் புத்தகக்காரன் முன்னால் போவான், வெட்டுவான், முடிந்தது. அடிபட்டால் இடுப்பில் இருக்கும் மருந்துப் புட்டியைத் திறந்து குடிப்பான். விளையாட்டில் ஊருக்கு ஊர் கடை உண்டு. காசு கொடுத்தால் புட்டி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அது உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூதங்களின் பலத்தைக் கூட்டிவிட்டேன். கஷ்டமான சண்டை என்றால் வைத்தியம் தேவைப்படும் என்று கணக்கு. நடந்தது வேறு. புத்தகக்காரன் அடி வாங்கினான், புட்டி குடித்தான், மறுபடி நின்றான். சுற்றி வந்த ஒரு பூதம் அக்காவை ஒரே போடு போட்டது. ஆள் காலி.

"மொத அடியிலயே பரலோகமா? நல்லா இருக்குடா தம்பி," என்றார் அக்கா.

"கவலப்படாதக்கா," என்றான் அவர் தம்பி. "கடையில உயிர் குடுக்கிற தாயத்து விக்கிறாங்க. வாங்கி கட்டிவிட்றோம்."

"அதுவும் கடையிலயா?" அக்கா கச்சான் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். "செத்தாலும் கடை, பொழச்சாலும் கடை. அப்ப கடைக்காரனயே கூட்டிட்டு போங்களேன், நான் எதுக்கு? வாரம் பூரா நின்னு நின்னு காலு வீங்கி போயி வர்றேன். இங்க வந்து கச்சான் உரிக்கிறதுக்கு வீட்டுல படுத்து தூங்கலாம்லா. இனிமே நான் வரல."

"அக்கா வரலன்னா மோட்டாரும் வராது. நானும் வர முடியாது," என்றான் தம்பி, பரிதாபமாக.

இரண்டு பேர் போனால் விளையாட்டு இல்லை. வாரம் முழுக்க நான் பயந்து பயந்து நினைத்ததெல்லாம் பூதமாகவும் குகையாகவும் மாறி மூன்று பேர் வாயைப் பிளந்து கேட்கிற இடம் அது ஒன்றுதான். வேறு எங்கே போவேன்?

"ஒரே ஒரு வாரம்க்கா. சரியா வரலன்னா நானே டின்ன மூடிடுறேன்," என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சரி. ஒரே வாரம்."

முதலில் தோன்றிய வழி சுலபமானது. வாளின் பலத்தைக் குறைத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை புத்தகக்காரன் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தி அதைச் சொன்னேன்.

"என் வாள தொட்டே, நானும் வரமாட்டேன்," என்றான். "ஏழு தல பாம்ப கொன்னு எடுத்ததுடா அது. நீதானே குடுத்தே?"

அவன் சொன்னது நியாயம். ஒருவரைத் தக்கவைக்க இன்னொருவரிடமிருந்து பிடுங்குவது சமன் செய்வது ஆகாது. ரொட்டி விற்கும்போதும் மண்டைக்குள் அதுவே ஓடியது. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பூதத்தை ஏற்றினால் அக்கா சாகிறார், இறக்கினால் அக்கா தூங்குகிறார்.

அந்த வாரம் பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முனையில் நின்று ஹாரன் அடித்தபோது, வழக்கம்போல் பெண்கள் வந்து பெட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். "இன்னைக்கி என்னடா கொண்டாந்த?" என்று ஓர் அம்மா கேட்டார். தினமும் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அது எனக்குள் நின்றுவிட்டது. எங்கள் விளையாட்டில் கடைக்காரனிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை. எல்லாம் இருக்கிற கடையில் என்ன இருக்கிறது என்று யார் கேட்பார்கள்? என் பெட்டியில் இடம் குறைவு. பன்னை ஏற்றினால் பிஸ்கட்டுக்கு இடமில்லை, தைலப் புட்டி வைத்தால் பன் நசுங்கும். அதனால்தான் எட்டிப் பார்க்கிறார்கள், எடுத்ததைத் திருப்பி வைக்கிறார்கள், ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள்.

திரும்பி வரும் வழியிலேயே விளையாட்டில் இருந்த கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பரீட்சைக்குப் போகிறவன் மாதிரிதான் போனேன். நாலு பேரும் உட்கார்ந்ததும் இரண்டு மாற்றங்களைச் சொன்னேன். ஒன்று, இனிமேல் ஊரில் கடை இல்லை. ஒரு வியாபாரி கழுதையில் கூடை கட்டிக்கொண்டு வருவான். வரும்போது வருவான், இருப்பதைக் கொடுப்பான். இரண்டு, டின்னில் எடுத்த மூடியை உடனே திரும்பப் போடக் கூடாது. எல்லா மூடியும் தீரும்வரை மேசைமேல் வரிசையாக வைக்க வேண்டும். பெரிய எண்கள் ஒருவனுக்கே வந்துகொண்டிருந்தால் அவை தீர்ந்துபோகும். கெட்ட காலமும் அப்படியே தீரும். சாய்ந்த சண்டையை நிமிர்த்த அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

"இதெல்லாம் புக்ல இல்ல," என்றான் புத்தகக்காரன்.

"பிஸ்கட் டின்னும்தான் புக்ல இல்ல," என்றேன். அக்காவின் தம்பி மேசையைத் தட்டிச் சிரித்தான்.

காட்டுப் பாதையில் கழுதை வந்தது. வியாபாரிக்கு நான்தான் குரல்.

"மருந்து புட்டி எல்லாத்தையும் குடு," என்றான் புத்தகக்காரன்.

"ரெண்டுதான் இருக்கு தம்பி."

"மத்தது?"

"வழியில கழுத வழுக்கிடுச்சி. ஒடஞ்சி போச்சி."

"பொய் சொல்றான் இவன். கூடைய கொட்டி பாக்கணும்."

"கழுத என்ன வெல?" என்றான் திருடன்.

"டேய், கழுத இல்லாம நான் எப்படிடா வீட்டுக்கு போவேன்?"

"அதான் நீங்க இருக்கீங்கள்ல, கூடைய நீங்களே தூக்கிட்டு போங்க."

பேரம் நீண்டுகொண்டே போனது. நான் பூதங்களோடு காத்திருந்தேன். ஒரு புட்டியா, ஒரு கயிறா, விளக்கெண்ணெயா என்று அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கச்சான் பொட்டலத்தை யாரும் தொடவில்லை. அதைக் கவனித்தேன், ஆனால் நம்பிக்கை வைக்கப் பயமாக இருந்தது.

அப்போது அக்கா வாயைத் திறந்தார். "ஏன் அண்ணே, எங்கேருந்து வர்றீங்க? வழியெல்லாம் எப்படி இருக்கு?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் என்னிடம் விலையைக் கேட்கும் முன்னால் அதைத்தான் கேட்பார்கள். டவுனில் என்ன விசேஷம், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, யார் வீட்டில் கல்யாணம் என்று. வாய் தானாகவே பதில் சொன்னது: "ஆத்துப் பக்கம் போகாதம்மா. தண்ணி கொறஞ்ச எடத்துல பூதங்க படுத்திருக்கு. தண்ணிக்குள்ள நின்னா அதுங்களுக்கு பலம். கரைக்கு இழுத்துட்டா ஒண்ணுமில்ல."

புத்தகக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே தம்பி. நீ வெலதானே கேட்ட."

அந்த வியாபாரியைப் பற்றி இன்றும் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். பிற்பாடு புத்தகக்காரன் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனான். விடுமுறைக்கு வந்தபோது, "அங்க எல்லாரும் உன் கழுதக்காரன வச்சித்தான்டா ஆடுறோம்," என்றான். இப்போது என் அண்ணன் மகன் இதே மாதிரிக் கூட்டமாகச் சண்டை போடும் விளையாட்டைக் கணினியில் விளையாடுகிறான். உள்ளே இருக்கிற கடையையும் சண்டையையும் யாரோ மாற்றி எழுதித் தருகிறார்களாம், அதற்கு மோட் என்று பெயராம். நாங்கள் பெயர் வைக்கவில்லை. மாற்றி ஆடினோம், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஆற்றங்கரைக்கு வந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரு புட்டியும் ஒரு கயிறும். இன்னொரு புட்டியைக் கயிற்றுக்காகப் புத்தகக்காரனை அக்கா விட்டுக்கொடுக்க வைத்திருந்தார். திருடன் கயிற்றை வீசிப் பூதங்களைக் கரைக்கு இழுக்க ஆரம்பித்தான். ஒன்று வந்தது, இரண்டு வந்தது. புத்தகக்காரன் வாளோடு பாய்ந்தான். டின்னில் கையை விட்டான். சின்ன எண். மறுபடியும் சின்ன எண். வாங்கிய அடியில் உயிர் பாதிக்குக் கீழே போய்விட்டது. இருந்த ஒரு புட்டியைக் குடித்துத் தீர்த்தான்.

"ரெண்டு பேரும் நில்லுங்க," என்றார் அக்கா. மேசைமேல் வரிசையாகக் கிடந்த மூடிகளை விரலால் தள்ளிப் பார்த்தார். "சின்னதெல்லாம் இன்னும் முழுசா தீரல. இப்ப போனா செத்துருவ. என் பின்னால வந்து நில்லு, நான் வைத்தியம் பாக்கறேன்."

"நான் வீரன்க்கா. பின்னாலயா நிக்கிறது?"

"செத்த வீரனா, நின்ன வீரனா? சீக்கிரம் சொல்லு, பூதம் வருது."

அவன் பின்னால் வந்து நின்றான். அக்கா வைத்தியம் பார்த்தார். அதற்காக அவர் எடுத்ததும், தப்பி ஓட அவர் தம்பி எடுத்ததும் சின்ன மூடிகள்; அந்த வேலைகளுக்கு அதுவே போதும். சின்ன வரிசை முடிந்தது. டின்னைக் குலுக்கினால் மிச்சம் இருக்கும் மூடிகள் தனித்தனியாகச் சத்தம் போட்டன. மந்திர வாளை வைத்திருந்தவன், ஏழு தலைப் பாம்பைக் கொன்றவன், டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, இப்ப போவட்டுமா?" என்று கேட்டான்.

"இரு." அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார். "இப்ப போ."

பெரிய எண். அடுத்ததும் பெரிய எண். கரையில் இருந்த பூதங்கள் விழுந்தன. தம்பி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியதில், என்ன சத்தம் என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பூதங்களின் பக்கம், தோற்றவன் நான்தான். அப்படிச் சந்தோஷமாக வேறு எதிலும் நான் தோற்றதில்லை.

அக்கா என்னைப் பாராட்டவில்லை. கைப்பையை எடுத்தார், தம்பியிடம் சாவியைக் கொடுத்து மோட்டாரைக் கிளப்பச் சொன்னார். நான் மூடிகளை டின்னில் போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்காமல் பார்த்தேன். சரியா, இல்லையா? கேட்கத் தைரியமில்லை.

வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எனக்கு ஷிப்ட் போட்டிருக்காங்க," என்றார். நான் டின்னை மூடப் போனேன். "கூட வேல செய்ற மலாய்க்காரப் பொண்ணுகிட்ட சொல்லி மாத்திக்கிறேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் இல்லாம யாரும் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்."