மாமாவுக்குப் பக்கத்து இடம்

எங்கள் அக்கா ஆண்டவரில் துயில்கொண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமா கல்லறையில ஏன் வைக்கல?" தம்பி என்ற முறையிலும், துறைமுக அலுவலகத்தில் விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

அக்கா ராயபுரத்தில் பிறந்தார். அம்மா காலமானதும் தம் படிப்பை விட்டு என்னைப் படிக்க வைத்தார். அதன் பலனாக எனக்கு ஆங்கிலமும் அவருக்கு மூட்டுவலியும் வந்தன. திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டார். கிரேன் ஓட்டிய மாமா இளவயதில் இறந்ததும், பிள்ளைகளை வளர்க்கத் தொழிற்சாலை வாசலில் சாப்பாட்டுக் கடை போட்டார். குழம்பைக் குறை சொன்னவர்களுக்கு அவர் தந்த பதில்களை நினைவு மலரில் அச்சிட முடியாது.

மாமாவின் கல்லறையில் இன்னும் ஒரு பெட்டிக்கு இடம் இருந்தது. அது அக்காவின் இடம். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும்போது, "தள்ளிப் படுய்யா, நானும் வரணும்" என்பார்.

ஒரு மழைக்காலத்தில், கடையில் சாப்பிடும் ஜார்க்கண்ட் இளைஞர் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். எங்கள் கோவிலில் கடைசி வரிசையில் நிற்பவர்; தமிழ் தெரியாது, 'ஆமென்' மட்டும் எல்லோருக்கும் முன்னால் சொல்வார். ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவில்லை. ஊருக்கு அனுப்ப வழியில்லை. இங்கேயே அடக்கம் செய்யும்படி அவருடைய தந்தை போனில் அழுதுகொண்டே சொன்னார். கல்லறைத் தோட்டத்தின் பொதுப் பகுதியிலோ முழங்கால் தண்ணீர். அக்கா தம் இடத்தைக் கொடுப்பதாகச் சொன்னார்.

"ஒருதரம் தொறந்தா அப்புறம் பல வருஷம் தொறக்க வுட மாட்டாங்கக்கா. நீ செத்தா எங்க போவ?"

"நான் மோட்சத்துக்குப் போவேன். நீ எங்க போவன்னுதான் தெரில. போய் ஃபாதர்கிட்ட கையெழுத்து வாங்கினு வாடா."

வாங்கி வந்தேன். கல்லறைக்கு உரியவர் சம்மதித்தால் உறவினர் அல்லாதவரையும் வைக்க விதியில் இடமுண்டு. துரதிருஷ்டவசமாக அது எனக்குத் தெரிந்திருந்தது.

சென்ற ஆண்டு அக்காவின் நோய் முற்றியபோது கல்லறையைத் திறக்கும் காலம் இன்னும் வரவில்லை. அந்த இளைஞரின் எலும்புகளை வேறிடம் மாற்ற மனுப் போடலாம் என்று படுக்கையருகே சொன்னேன்.

"தூங்கினுகீற புள்ளைய எழுப்பி, 'எந்திரி, இது என் எடம்'னு சொல்லச் சொல்றியா?"

"மாமா தனியா கீறாரேக்கா."

"எங்கடா தனியா கீறாரு? அந்தப் புள்ள கூட கீது. ஆண்டவர் கூப்புடற அன்னிக்கு அவங்களும் எந்திரிச்சி வருவாங்க, நானும் வருவேன். அன்னிக்கு மட்டும் சோறு நான் ஆக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

மரணத்தைச் சான்றிதழாகவே பார்த்துப் பழகியவன் நான். அதை இவ்வளவு அலட்சியமாக நடத்திய வேறொருவரைக் கண்டதில்லை. அக்காவுக்குத் தம்பி என்பதைவிடப் பெரிய பதவி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த மருமகளுக்கும், பங்குத்தந்தைக்கும், குழியில் ஊறிய தண்ணீரை வாளி வாளியாக இறைத்தவர்களுக்கும், வேலையை விட்டு வந்து பெட்டியைச் சுமந்த ஜார்க்கண்ட் இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பூ கொண்டு போகிறவர்கள் மாமாவின் கல்லறையில் அக்காவைத் தேட வேண்டாம். பொதுப் பகுதியில், சுவரோரம், மரச்சிலுவை நட்ட இடம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். யாரும் வருந்த வேண்டாம். அக்கா அங்கே நிரந்தரமாகத் தங்கப் போவதில்லை.