மாமாவுக்குப் போட்ட மூன்றாவது பந்து

பந்து போடுகிறவன் அடிக்கிறவனுக்கு வேண்டியவன் என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். என் மேல் தப்பில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆடியது எல்லே, மூங்கில் தடியால் பந்தை அடிக்கிற ஆட்டம். அதில் நம் ஆளுக்கு நம் ஆள்தான் பந்து போடுவான். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல, வாய்க்கு நேராக.

பதுளையில் படித்த அக்காதான் ஒரு வெள்ளைப் பந்தையும் சாஃப்ட்போல் என்ற புது ஆட்டத்தையும் கொண்டுவந்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், சனிக்கிழமை சாயங்காலம் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளை நிறுத்துவாள். முதலில் பந்தே கிடையாது, வெறுங்கை. தோளிலிருந்து ஒரு முழு வட்டம்; மணிக்கட்டு இடுப்பை உரசும்போது விரலைத் திறக்க வேண்டும். ஹாலிஎலப் பக்கமிருந்து பனி ஏறிவரும். முகங்கள் கரைந்து கைகள் மட்டும் சுற்றும். எல்லோருமாகச் சேர்ந்து மேகத்தைக் கடைவதுபோல இருக்கும். எனக்கு அந்தச் சுற்றல் பிடித்திருந்தது. எதற்குச் சுற்றுகிறோம் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

அக்காவைக் கொழும்புப் போட்டிக்கு எடுத்திருந்தார்கள். அப்பா விடவில்லை. அவரை மசியவைக்கக்கூடியவர் அம்மாவின் தம்பி ஒருவர்தான். தோட்டத்து எல்லே சூரரான அந்த மாமாவுக்கு இந்த ஆட்டமே வேடிக்கை.

"ஏ புள்ள, கையச் சுத்துனா ஆச்சா? மூணு பந்து. ஒன்ன கோட்டுக்குள்ள அடிச்சிட்டேன்னா நீ கொழும்ப மறந்துரணும். அடிக்காட்டி நானே உங்கப்பாகிட்ட பேசுறேன்."

அக்கா பந்தை எடுத்தாள்.

"நீ இல்ல. நீ சொல்லிக் குடுத்த லட்சணத்தப் பாக்கணும். இந்தப் பய போடட்டும்."

இந்தப் பய நான்.

மாமா என் செல்ல மாமா. முதல் பந்தை வெகு அன்பாகப் போட்டேன். மூங்கில் தடியால் ஓங்கினார். கோட்டுக்கு வெளியே லயத்துத் தகரம் அலறியது. இரண்டாவதும் அப்படியே கோட்டைத் தாண்டித் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனது.

"நல்லா போடுற மருமகனே!"

பூரித்துப்போனேன். அக்கா கிட்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"டேய், நீ யாரு பக்கம்டா?"

அப்படியொரு கேள்வி உலகத்தில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு சுற்றினேன். ஒரு சுற்றா, இரண்டா? பந்து கையை விட்டு எப்போது போனது? தொப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், பனிக்குள் மாமா மல்லாந்து கிடக்கிறார்.

கொன்றுவிட்டேன். தேயிலைக்குள் பாய்ந்தேன். பதுளை ஜெயிலில் கம்பளி கொடுப்பார்களா என்று யோசித்தேன். அம்மா கொண்டுவரும் சோற்றுப் பார்சலில் தேங்காய்ச் சம்பல் இருக்குமா என்றும், வெட்கத்தோடு சொல்கிறேன், யோசித்தேன். காலில் அட்டை ஏறியது. கொலைகாரனுக்கு இதுவாவது வேண்டும் என்று விட்டுவிட்டேன். பனிக்குள்ளிருந்து பல குரல்கள் என் பெயரைக் கூவியபடி மிதந்து வந்தன. பிடித்துக்கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று இன்னும் உள்ளே நுழைந்தேன்.

பந்து மாமாவைத் தொடவே இல்லை. தடி காற்றை அடித்தது, ஈரப் புல்லில் கால் வழுக்கியது. என்னைத் தோளில் தூக்கத்தான் தேடியிருக்கிறார்கள். மாமா அப்பாவிடம் பேசினார். அக்கா கொழும்புக்குப் போனாள்.