முதல் நாள் எடுத்த படம்

எங்கள் தொழிலில் சோம்பேறியை மன்னித்துவிடுவார்கள், அவசரக்காரரை மன்னிக்கமாட்டார்கள். நான் அவசரக்காரியாகப் பெயர் வாங்கியவள். ஜவ்வாது மலையில் உள்ள தொலைநோக்கி நிலையத்தில் சேர்ந்த முதல் வருடமே, ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் புதுப் புள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது என்று உலகத்துக்கே பொதுவான பதிவுத்தளத்தில் அறிவித்துவிட்டேன். ஒடுகத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பா, அன்று சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். மூன்றாம் நாள் புள்ளி இடம் மாறியிருந்தது. நம் சூரியனைச் சுற்றுகிற ஏதோ ஒரு சிறுகோள், நகர்வதே தெரியாமல் குறுக்கே போயிருக்கிறது.

"இன்னாம்மா, உன் நட்சத்திரம் ஓடிப்போச்சாமே?" என்று ஊர் பஸ்ஸில் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அதையாவது சிரித்து மழுப்பலாம். என் ஆய்வு வழிகாட்டி போனில் சொன்னதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா, நீ எடுக்கிற எந்தப் படத்தையும் யாரும் நம்பமாட்டாங்க."

இரண்டு வருடம் கழித்து, ஒரு மாசி மாத இரவு, வேறொரு மண்டலத்தில் மறுபடியும் ஒரு புள்ளி. போன மாதத்துப் படத்தில் அது இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

கேமராவின் கோளாறாக இருக்குமோ என்று தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தேன். புள்ளி அந்த மண்டலத்தோடேயே இருந்தது, அப்போது கேமராவின் கோளாறில்லை. சிறுகோள் பட்டியலைப் பார்த்தேன். அந்த இடத்தில் எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் விட்டு மறுபடி எடுத்தேன், நகரவில்லை. ஆனால் போன தடவையும் முதல் இரவில் நகரவில்லையே!

குவிமாடத்தைத் திறந்து மூடும் உதவியாளர் டீயோடு வந்தார். மலைக்கிராமத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும் 'மேடம்' என்பதை விடமாட்டார்.

"இன்னா மேடம், மூஞ்சியே சரியில்ல?"

"புதுசா ஒண்ணு வந்துருக்குதுண்ணா."

"அப்போ அனுப்பிட வேண்டியதுதானே?"

"நாளைக்கும் ஒரு தபா பாத்துட்டு அனுப்புறேன்."

"நாளைக்கு மேகம் வந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாசியில் ஏது மேகம் என்றேன். அறிவிப்புப் படிவம் எல்லாம் நிரப்பித் திரையில் தயாராகத்தான் இருந்தது. விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன்.

மறுநாள் சாயங்காலம் ஆலங்காயம் பக்கமிருந்து மேகம் ஏறியது. குவிமாடத்தைத் திறக்கவே முடியவில்லை. நான் வெளியே வருவதும், அண்ணாந்து பார்ப்பதும், உள்ளே போவதுமாக இருந்தேன். ஏதோ ஒரு நாட்டில் வானம் தெளிவாக இருக்கும், யாரோ இதே மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு விடவேயில்லை. அப்போதாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. விடியற்காலையில் பதிவுத்தளத்தைத் திறந்தேன். அதே மண்டலம், அதே இடம். கண்டுபிடித்தவர்கள் என்று வேறொரு நாட்டுக் குழுவின் பெயர் இருந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால்தான் வெடித்த நட்சத்திரம் என்று உறுதி சொல்ல முடியும். மூன்றாம் இரவு மேகம் விலகியது. ஈரக்காற்று அடித்தபடியே இருந்ததால் எப்போது குவிமாடத்தை மூடவேண்டி வருமோ என்று ஈரப்பத அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியோ ஒரு மணி நேரம் ஒளியைச் சேர்த்தோம். நிறமாலை வரைகோட்டில், இப்படி வெடித்த நட்சத்திரத்துக்கு அடையாளமான சிலிக்கானின் பள்ளம் தெளிவாக விழுந்திருந்தது. சந்தேகமே இல்லை, வெடித்த நட்சத்திரம்தான். வேறு யாரும் அதுவரை உறுதி செய்திருக்கவில்லை.

காலையில் வழிகாட்டிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"நல்லா வந்திருக்கு. ஆமா, இந்த முதல் படம், அவங்க அறிவிக்கிறதுக்கு முந்தின நாள் எடுத்ததா?"

"ஆமா சார்."

"புள்ளிய அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"ஏன் அனுப்பல? நான் முன்னாடி திட்டுனதாலயா?"

இல்லை சார், மேகம் என்று சொல்லியிருக்கலாம். மரியாதைக்கு அதுதான் அழகு. எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா சார்," என்றேன்.

அவர் மெதுவாக, "அந்தப் படத்தையும் சேத்துதான் பதிவுத்தளத்துக்கு அனுப்பணும்மா. வெடிச்சதுக்கப்புறம் எடுத்த முதல் படம் உலகத்துலயே அதுதான்," என்றார்.

அதைச் சேர்த்தால், முதலில் பார்த்தவள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதும் தெரியும். எடுத்த தேதியையும் நேரத்தையும் இரண்டு முறை சரிபார்த்தேன். படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.